காவடி அன்னதானத்தில் சோற்றைக் குறைக்கலாமா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

காத்ர்போர்ன்_மணி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். காவடி முடிந்ததும் இங்கே மொரிசியஸில் எங்கள் கோயிலில் அன்னதானம் எப்படி நடக்கும் என்று இங்கே பலருக்குத் தெரியும். வாழையிலை, மலையாகச் சோறு, ஏழு கறி, பாயசம், போகும்போது கையில் ஒரு கோலா பாட்டில். இந்த வருஷம் இளைஞர் அணி கமிட்டிக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறது. சோற்றைக் குறைத்துப் பருப்பு, பயறு, காய்கறியைக் கூட்ட வேண்டுமாம். கோலாவுக்குப் பதில் மோர் வைக்க வேண்டுமாம். காத்தோ பிமான் (மிளகாய் வடை) பொரித்த எண்ணெயை மறுநாளைக்கு எடுத்து வைக்கக் கூடாதாம்.

பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "தோட்டத்துல கரும்பு வெட்டின காலத்துலேருந்து இதைத்தான் சாப்பிடுறோம்." இளைஞர்கள் கையில் இருப்பது வாட்ஸ்அப்பில் வந்த வீடியோக்கள். இரண்டையும் வைத்துக்கொண்டு என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. இந்தத் தீவில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். பந்தியில் பரிமாறுகிறவன் நான்தான், எனக்குக் கேட்க உரிமை உண்டு. முறையாக நடந்த ஆய்வுகளைப் படித்தவர்கள் எழுதுங்கள். பாட்டி வைத்தியத்துக்கு வேறு இழை இருக்கிறது.

ஆய்வகத்துக்காரி

மணி அண்ணா, நம் ஊரில் நடந்ததையே முதலில் சொல்கிறேன். சாப்பாடும் நோயும் பற்றிப் படிக்கிறவர்கள் உலகம் முழுக்க மொரிசியஸை எடுத்துக்காட்டுகிறார்கள். இங்கே பந்தியில் உட்காருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது.

1987-ல் சுகாதார அமைச்சு ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தியது. ஆஸ்திரேலியாவின் பால் சிம்மெட், இங்கிலாந்தின் ஜார்ஜ் ஆல்பர்டி, பின்லாந்தின் யாக்கோ துவோமிலேஹ்தோ போன்றவர்கள் அதில் சேர்ந்து வேலை செய்தார்கள். வெறும் வயிற்றில் வரச் சொல்லி இரத்தம் எடுத்து, குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தார்கள். அப்போதே நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் சர்க்கரை. அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. மானிய விலையில் கிடைத்த ரேஷன் எண்ணெய் அதுவரை பெரும்பாலும் பாம் எண்ணெய். அரசு அதை முழுக்கச் சோயா எண்ணெயாக மாற்றியது.

1992-ல் மறுபடி கணக்கெடுத்தபோது மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் 5.5 மில்லிமோலில் இருந்து 4.7-க்கு இறங்கியிருந்தது. இந்தியக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 212-லிருந்து 182. ஐந்தே வருஷத்தில், ஒரு நாடு முழுக்க. மாத்திரை கொடுத்து இறக்கியதல்ல. யாரையும் பிடித்து வைத்து டயட் இருக்கச் சொன்னதும் இல்லை. எல்லார் வீட்டுச் சட்டியிலும் ஊற்றிய எண்ணெய் மாறியது, அவ்வளவுதான்.

அவ்வளவுதானா என்று கேட்க வேண்டும். அதே ஐந்து வருஷத்தில் டிவியிலும் பள்ளிகளிலும் பிரச்சாரம் நடந்தது. ஆண்களில் புகை பிடிக்கிறவர்கள் 58 சதவீதத்திலிருந்து 47-க்குக் குறைந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க எண்ணெய் மாறாத இன்னொரு மொரிசியஸ் கிடையாது. ஆனால் எண்ணெயின் பங்கைத் தனியாகக் கணக்கிட்ட ஓர் ஆய்வு 1996-ல் வந்தது. மக்கள் உண்ணும் சக்தியில் நிறைவுற்ற கொழுப்பின் (குளிரில் கட்டியாகிற வகை) பங்கு ஏறத்தாழ 3.5 சதவீதப் புள்ளி குறைந்து, பலபடி நிறைவுறாத கொழுப்பின் (சோயா எண்ணெயில் அதிகம் இருக்கிற வகை) பங்கு ஏறத்தாழ 5.5 சதவீதப் புள்ளி கூடியிருந்தது. கொலஸ்ட்ரால் இறங்கியதில் எண்ணெய் மாற்றத்துக்குக் கணிசமான பங்கு உண்டு என்பது அவர்கள் முடிவு. பாம் எண்ணெயில் பாதி நிறைவுற்ற கொழுப்பு, சோயாவில் ஆறில் ஒரு பங்குதான் என்பதைப் பார்த்தால் ஆச்சரியம் இல்லை.

கசப்பான பாதி இனிமேல்தான். அதே ஐந்து வருஷத்தில் உடல் பருமன் கூடியது, சர்க்கரை இறங்கவில்லை. 2009 கணக்கெடுப்பில் அது 21 சதவீதத்தைத் தொட்டது. எண்ணெய் மாறியது, அரிசியும் மாவும் கோலாவும் மாறவில்லை.

வாக்குவா_கடைக்காரர்

எண்ணெய் மாறினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அப்போ அப்பா கூடக் கடையில நிப்பேன். ஜூலை, ஆகஸ்ட் குளிர்ல பாம் எண்ணெய் கட்டிப் போயிடும், வெயில்ல வச்சு இளக்கித்தான் அளந்து ஊத்தணும். சோயா வந்தப்புறம் அந்த வேலை மிச்சம். வாங்க வந்தவங்கள்ல ஒருத்தர் கூட நெஞ்சுக்கு நல்லதான்னு கேட்டதில்ல. ரேஷன் விலைதானேன்னு கேட்டாங்க, வாங்கிட்டுப் போனாங்க.

இன்னிக்கும் அப்படித்தான். அரிசியும் மாவும் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் கொண்டு வர்றது, மானியம் இருக்கு. எது மலிவோ அதுதான் வீட்டுக்குப் போகும். பருப்புக்கு அந்தச் சலுகை இருந்தா நான் விக்கிற கணக்கே மாறிடும்.

சந்தேகப்பிராணி

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொலஸ்ட்ரால் இறங்கியது என்பதும் மாரடைப்பு குறைந்தது என்பதும் ஒன்றா? மினசோட்டாவில் 1968 முதல் 1973 வரை மனநல மருத்துவமனைகளிலும் ஒரு முதியோர் இல்லத்திலும் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான சாப்பாடு, மற்றதுக்குச் சோள எண்ணெய். அடித்தளத்தில் கிடந்த பழைய பதிவுகளைத் தேடி எடுத்து ராம்ஸ்டன் குழுவினர் 2016-ல் வெளியிட்டார்கள். எண்ணெய் பிரிவில் கொலஸ்ட்ரால் இறங்கியது உண்மை. சாவு குறையவில்லை. இத்தனை பெரிய சோதனையின் முடிவு நாற்பது வருஷம் முழுமையாக வெளியே வரவில்லை என்றால், "ஆய்வு சொல்கிறது" என்று யாராவது சொல்லும்போது நான் ஏன் தலையாட்ட வேண்டும்?

இன்னொன்று. மத்தியதரைக் கடல் உணவு நெஞ்சைக் காக்கும் என்று ஸ்பெயினில் செய்த பிரெடிமெட் ஆய்வு 2013-ல் வந்தது. உலகமே கொண்டாடியது. 2018-ல் அதைத் திரும்பப் பெற்றார்கள். இன்று முட்டை கெட்டது, நாளைக்கு நல்லது. சோறு மட்டும் என்ன பாவம் செய்தது?

ஆய்வகத்துக்காரி

நீங்கள் சொன்ன இரண்டும் உண்மை, இரண்டையும் பாதியில் நிறுத்தினீர்கள்.

மினசோட்டாவில் சேர்ந்தவர்களில் கால் பங்குப் பேர்தான் ஒரு வருஷமாவது அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டவர்கள். மற்றவர்கள் அதற்குள் வெளியே போய்விட்டார்கள். இரத்தக் குழாயில் அடைப்பு உருவாகப் பல வருஷம் ஆகும், சில மாத எண்ணெய் அதில் என்ன செய்துவிடும்? சோள எண்ணெயில் ஒமேகா 3 கிட்டத்தட்ட இல்லை, சோயாவில் ஓரளவு உண்டு. ஆகவே அதை அப்படியே நம் தீவுக்குப் பொருத்த முடியாது. எல்லாச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்த 2020 காக்ரேன் தொகுப்பு சொல்வது இதுதான்: நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை மொத்தமாக ஏறத்தாழ 17 சதவீதம் குறைகின்றன, ஆனால் சாவில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. பிரச்சார நோட்டீசில் போடுகிற மாதிரியான வாக்கியம் அல்ல. நான் நம்புவதற்கு அதுவே காரணம்.

பிரெடிமெட் கதையும் அப்படி. யாரை எந்தப் பிரிவில் போடுவது என்பதைக் குலுக்கலில் முடிவு செய்திருக்க வேண்டும். சில இடங்களில் ஒரே வீட்டுக்காரர்களை ஒரே பிரிவில் போட்டிருந்தார்கள், ஓர் இடத்தில் மொத்த மருத்துவ நிலையத்தையே ஒரு பிரிவாக்கியிருந்தார்கள். வெளியே வந்ததும் திரும்பப் பெற்று, மறுபடி கணக்கிட்டு, அதே 2018-ல் திருத்தி வெளியிட்டார்கள். ஆபத்து ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு என்ற முடிவு பெரிதாக மாறவில்லை. முன்பு சொன்ன உறுதி மட்டும் கொஞ்சம் குறைந்தது.

சாப்பாட்டு ஆய்வின் கஷ்டமே இதுதான். மாத்திரை என்றால் வெறும் மாவு மாத்திரையைக் கொடுத்து ஒப்பிடலாம். வெறும் மாவுச் சோற்றை எங்கே தேடுவது?

டர்பன்_தம்பி

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன், என் தமிழைப் பொறுத்துக்கொள்ளுங்கள், பெரியம்மா திருத்திக் கொடுக்கிறார்.

எங்கள் பக்கமும் இதே சண்டை உண்டு. 1860-லிருந்து நேட்டாலில் கரும்புக்கு வந்தவர்கள் நாங்கள். டர்பனில் ஜார்ஜ் கேம்ப்பெல் என்ற மருத்துவர் 1950, 60-களில் ஒன்றைக் கவனித்தார். நேட்டால் இந்தியர்களுக்குச் சர்க்கரை நோய் மிக அதிகம், இந்தியாவில் அதே இனத்து மக்களுக்கு அன்று அவ்வளவு இல்லை. கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்த ஜூலு மக்களிடம் நோய் வர ஏறத்தாழ இருபது வருஷம் எடுத்தது என்றும் சொன்னார். சீனிதான் காரணம் என்பது அவர் வாதம். இன்றைய கணக்குப்படி அது ஒரு கூர்மையான கவனிப்பு, நிரூபணம் அல்ல. நகரத்துக்கு வந்தால் சீனியோடு பஸ், நாற்காலி, பொரித்த சாமான் எல்லாமே சேர்ந்து வருகிறதே.

ஆனால் என் மாமா இதையெல்லாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்: "நம்ம ரத்தத்துலயே இருக்குடா." சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி ஆட்டுக்கறி. இதற்கு என்ன பதில்?

ஆய்வகத்துக்காரி

தம்பி, உங்கள் மாமாவுக்கு மொரிசியஸ் 1987 கணக்கைக் காட்டுங்கள். சிம்மெட் குழுவினர் திகைத்தது அங்கேதான். இந்தியர்களுக்கு மட்டும் அதிகம் என்று எதிர்பார்த்துப் போனால், கிரியோல் மக்களுக்கும் (ஆப்பிரிக்க வம்சாவளி கலந்தவர்கள்) சீனர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. அன்று சீனாவில் நோய் குறைவு, இங்கே வந்த சீனர்களுக்கு அதிகம். மூன்று இனத்து இரத்தம், ஒரே தீவு, ஒரே கடைச் சாமான்.

இரத்தம் ஒன்றும் செய்யாது என்று சொல்லவில்லை. 1962-ல் ஜேம்ஸ் நீல் என்பவர், பஞ்சத்தில் பிழைக்க உதவிய மரபணு இன்று நோயாகிறது என்று ஒரு கருத்தை முன்வைத்தார். அழகான கதை, இன்றுவரை அதற்கு உறுதியான மரபணு பிடிபடவில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது புனேயில் யாக்னிக் குழுவினர் கண்டது. அங்கே பிறக்கும் குழந்தை சராசரியாக 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. எடை குறைந்தும் தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை, குறைந்தது சதை. ஒல்லியாகத் தெரியும் ஆளுக்கும் வயிற்றுக்குள் கொழுப்பு. அதனால்தான் ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23 தாண்டினாலே கவனம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004-ல் சொன்னார்கள். தாய் சாப்பிட்டதும் இதில் இருக்கிறது. உங்கள் மாமா சொல்கிற "ரத்தம்" என்பதில் பாதி பழைய பசி.

கசப்பே_மருந்து

இவ்வளவு பேச்சு எதுக்கு? மர்கோஸ் (பாகற்காய்) பொடி காலையில் ஒரு ஸ்பூன், 90 நாளில் இன்சுலினை நிறுத்தலாம். வேணும்கிறவங்க [நெறியாளரால் நீக்கப்பட்டது]

நெறியாளர்

விற்பனைக்குத் தனிப் பகுதி இருக்கிறது. இன்சுலினை நிறுத்தச் சொல்லும் பதிவு எந்தப் பகுதியிலும் இருக்காது. பாகற்காய் பற்றிப் பேசலாம், போன் நம்பர் கூடாது.

வார்டு_அக்கா

நெறியாளருக்கு நன்றி. இருபது வருஷத்துக்கு மேல் வார்டில் இருக்கிறேன், இந்தப் பொடிகளின் முடிவை நான்தான் பார்க்கிறேன். பாகற்காயில் நடந்த சோதனைகள் சின்னவை, முடிவுகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. கறியாக வைத்துச் சாப்பிடுங்கள், நல்ல காய். மருந்தாக எண்ணி இன்சுலினை விட்டால், டைப் 1 உள்ளவர் (உடலே இன்சுலின் சுரக்காதவர்) சில நாளில் மயங்கிப் போவார்.

ஆனால் "சாப்பாட்டால் சர்க்கரையைத் திருப்ப முடியாது" என்று டாக்டர்களே முன்பு சொன்னதும் தவறாகிவிட்டது. பிரிட்டனில் மைக் லீனும் ராய் டெய்லரும் நடத்திய டைரக்ட் சோதனையைப் பாருங்கள். நோய் தெரிந்து ஆறு வருஷத்துக்குள் இருப்பவர்கள், இன்சுலின் போடாதவர்கள். மூன்று முதல் ஐந்து மாதம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 850 கலோரி, அதுவும் கரைத்துக் குடிக்கும் மாவாக. சர்க்கரை மாத்திரைகளை முதல் நாளே நிறுத்தினார்கள், மேற்பார்வையோடு. ஒரு வருஷத்தில் 46 சதவீதம் பேர் மருந்தில்லாமல் நோய் வரம்புக்குக் கீழே வந்தார்கள், இரண்டாம் வருஷத்தில் 36 சதவீதம். 15 கிலோவுக்கு மேல் இறக்கியவர்களில் பெரும்பாலோருக்கு அது நடந்தது. எடை திரும்பினால் சர்க்கரையும் திரும்பியது. எந்த உணவு என்பதைவிட எடை எவ்வளவு இறங்கியது என்பதே அங்கே பேசியது.

இதை வீட்டில் தனியாகச் செய்து பார்க்காதீர்கள். மணி தம்பி, உன் கோயில் சம்பந்தமாக இன்னொன்று: காவடி விரதம். பத்து நாள் சைவம் யாருக்கும் கெடுதல் இல்லை. காவடி அன்றைக்குச் சாயங்காலம் வரை வெறும் வயிற்றில் நடப்பது வேறு. கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் மாத்திரை போடுகிறவர்களுக்கும் இன்சுலின் போடுகிறவர்களுக்கும் அப்போது சர்க்கரை அடியோடு இறங்கலாம். ரமலான் நோன்புக்கு மருந்தளவை எப்படி மாற்றுவது என்று டாக்டர்களுக்கு வழிகாட்டி உண்டு, நம் முஸ்லிம் அண்டை வீட்டார் முன்கூட்டியே டிஸ்பென்சரியில் கேட்டுக்கொள்கிறார்கள். நம் ஆட்கள் சாமி பார்த்துக்கொள்ளும் என்று மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினியாக நடக்கிறார்கள். கால் மரத்தவர்கள் அந்த வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும், விட்டுவிடுகிறேன்.

கிராண்ட்பே_சமையல்காரன்

நான் மதுரைப் பக்கம், இங்க ஓட்டல் சமையல். சோறு பத்தி யாருமே நேரா பதில் சொல்லலையே? எங்க ஊர்ல மூணு வேளையும் சோறுதான். மாப்பிள்ளை சம்பாவுக்கு மாறுங்கிறாங்க, பிரவுன் ரைஸ்ங்கிறாங்க, ஆறவச்ச சோறுங்கிறாங்க. எதைத்தான் வடிக்கிறது?

ஆய்வகத்துக்காரி

ராசா, கேள்வி சரி. சோறு பற்றிய பெரிய ஆய்வு 'ப்யூர்', சென்னை டாக்டர் மோகன் குழுவினரும் சேர்ந்து 2020-ல் வெளியிட்டது. 21 நாடுகள், ஒரு லட்சத்து 32 ஆயிரம் பேர், ஒன்பதரை வருஷம். அதில் தென்னாப்பிரிக்கா உண்டு, மொரிசியஸ் இல்லை. தினமும் 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் கீழே சாப்பிட்டவர்களைவிடச் சர்க்கரை வரும் வாய்ப்பு 20 சதவீதம் அதிகம். தெற்காசியாவில் மட்டும் எடுத்தால் 61 சதவீதம். சீனாவில் தெளிவான தொடர்பே இல்லை! அதே சோறுதானே, ஏன்? அவர்கள் தட்டில் கூட என்ன இருந்தது, எவ்வளவு வேலை செய்தார்கள் என்பதெல்லாம் கலந்திருக்கிறது. இது கூடவே பயணித்துப் பார்த்த ஆய்வு, குலுக்கிப் போட்ட சோதனை அல்ல.

குலுக்கிப் போட்ட சோதனையும் சென்னையில் நடந்திருக்கிறது. மூன்று மாதம் வெள்ளைக்குப் பதில் பழுப்பரிசி. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. தொப்பை, இரத்த அழுத்தம் எல்லாம் சேர்ந்திருந்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் இறங்கியது. ஆகவே அரிசியின் நிறத்தை மாற்றிவிட்டு அதே மலையைக் குவித்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. புழுங்கல் பச்சரிசியைவிடக் கொஞ்சம் மேல். ஆறவைத்த சோற்றில் வித்தியாசம் உண்டு, சின்னது. அளவைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பையும் காயையும் வைப்பதுதான் எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போகிற இடம். சோற்றைக் குறைத்து ரொட்டியும் மின் ஃப்ரியும் (வறுத்த நூடுல்ஸ்) வைத்தால் மைதா வந்து உட்காரும், லாபம் இல்லை.

கிராண்ட்பே_சமையல்காரன்

பழுப்புச் சீனி பத்தியும் சொல்லிடுங்க. இங்க டூரிஸ்ட் எல்லாம் தீவுச் சீனி ஆரோக்கியம்னு பெட்டி பெட்டியா வாங்கிட்டுப் போறான்.

ஆய்வகத்துக்காரி

வாசனைக்கு வாங்கலாம். சர்க்கரை ஏறுவதில் வெள்ளைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. வெல்லமும் அப்படியே.

சந்தேகப்பிராணி

சரி, ஒரு உருப்படியான விஷயம் நானும் தருகிறேன். சோற்றின் அளவில் கை வைத்தால் கோயிலில் கலகம் வரும். வரிசையை மாற்றுங்கள். நியூயார்க்கில் 2015-ல் ஒரு சின்னச் சோதனை, சர்க்கரை உள்ள 11 பேர்தான். அதே சாப்பாடு, அதே அளவு. காயும் புரதமும் முதலில், ரொட்டி கடைசியில் என்று சாப்பிட்டபோது ஒரு மணி நேரத்துச் சர்க்கரை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. 11 பேரை வைத்து நான் எதையும் நம்ப மாட்டேன், ஆனால் செய்து பார்க்கக் காசு செலவில்லை. நம் இலையில் முதலில் சோற்றைக் கொட்டிவிட்டுத்தான் கறிகள் வருகின்றன. முதலில் கறிகளை வையுங்கள், பத்து நிமிஷம் கழித்துச் சோறு வரட்டும்.

வார்டு_அக்கா

நீங்களா இப்படி எழுதுவது! அந்தப் பத்து நிமிஷம் யார் சும்மா இருப்பார்கள் என்று தெரியவில்லை, ஆனால் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

"இந்தியர்களுக்கு டயட் வேலை செய்யாது" என்று யாராவது கமிட்டியில் சொன்னால் இதையும் சொல்லுங்கள். சென்னையில் ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்துச் செய்தது, 2006-ல் வந்தது. எல்லோரும் சர்க்கரையின் வாசலில் நின்றவர்கள். சாப்பாடும் நடையும் மாற்றிய பிரிவில் நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கொடுத்த பிரிவில் ஏறத்தாழ 26. இரண்டும் சேர்த்துக் கொடுத்தும் அதற்கு மேல் போகவில்லை. அமெரிக்காவில் அதே மாதிரிச் சோதனையில் 58 சதவீதம் குறைந்தது உண்மைதான், நமக்குப் பலன் சிறியது. ஆனால் மாத்திரைக்கு இணையானது.

டர்பன்_தம்பி

உப்பை யாரும் தொடவில்லை. எங்கள் நாட்டில் ரொட்டி, சிப்ஸ் எல்லாவற்றிலும் உப்பு எவ்வளவு இருக்கலாம் என்று 2013-ல் சட்டம் போட்டு, 2016-லிருந்து அமல். சாப்பிடுகிறவனைக் கேட்கவே இல்லை. நாக்கும் பழகிவிட்டது. உங்கள் எண்ணெய்க் கதை மாதிரியே.

வார்டு_அக்கா

தம்பி, நல்லதைச் சொன்னாய். சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21 ஆயிரம் பேரை வைத்துச் செய்த சோதனை 2021-ல் வந்தது. பாதிக் கிராமங்களுக்கு, உப்பில் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்து கொடுத்தார்கள். பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. மணி, இதைப் படித்துவிட்டு அந்த உப்பைக் கோயில் சமையலில் போட்டுவிடாதே. சிறுநீரகம் கெட்டவர்களுக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுவிடலாம், அந்தச் சோதனையில் அப்படிப்பட்டவர்களைச் சேர்க்கவில்லை. நம் பந்தியில் டயாலிசிஸ் போகிறவர்கள் உட்காருகிறார்கள். சாதா உப்பைக் குறைத்துப் போடு, அச்சாரை ஓரமாகக் கேட்கிறவர்களுக்கு மட்டும் வை.

வாக்குவா_கடைக்காரர்

கோலா வரி பத்திச் சொல்லணும். 2013-லிருந்து பாட்டிலில் எத்தனை கிராம் சீனியோ அதுக்கு வரி, அப்புறம் ஏத்தினாங்க. என் கடையில பிள்ளைகள் வாங்குறது நின்ன மாதிரி எனக்குத் தெரியல. ஆய்வு எதாவது இருக்கா?

ஆய்வகத்துக்காரி

இருக்கிறது, 2022-ல் வந்தது. கணக்கெடுத்த காலத்தில் இந்த வரி இல்லாத மாலத்தீவோடு மொரிசியஸை ஒப்பிட்டார்கள், 11 முதல் 17 வயதுப் பிள்ளைகள். மொத்தமாகப் பார்த்தால் குடிப்பதில் தெளிவான குறைவு இல்லை, எடையிலும் இல்லை. பையன்களில் மட்டும் குடிக்கிறவர்கள் ஏறத்தாழ 11 சதவீதம் குறைந்தார்கள். உங்கள் கடைக் கணக்கோடு ஒத்துப்போகிறதே அண்ணாச்சி. வரி சின்னது. பாட்டிலே இல்லாத பந்தியில் வரிக்கு வேலை இல்லை.

காத்ர்போர்ன்_மணி

எல்லோருக்கும் நன்றி. நேற்றுக் கமிட்டி கூடியது. வீடியோக்களை விட்டுவிட்டு 87 எண்ணெய்க் கதையிலிருந்து ஆரம்பித்தேன். எங்கள் தலைவருக்கு அப்போது முப்பது வயது, அவரே ரேஷன் எண்ணெய் வாங்கியவர். "அப்ப கேட்டா மாத்துனான்?" என்றார். பிறகு அதிகம் எதிர்க்கவில்லை. "கரும்பு வெட்டின காலம்" என்றவரிடம், அவர்கள் நாள் முழுக்கக் கரும்பு வெட்டினார்கள், நாம் கார் நிறுத்த இடம் தேடுகிறோம் என்று ஒருவர் சொன்னதும் சிரிப்பு வந்து விஷயம் தணிந்தது.

கோலா போய்விட்டது, மோர் வருகிறது. பொரித்த எண்ணெயை மறுநாள் பயன்படுத்துவதில்லை என்று எழுதியே வைத்துவிட்டோம், அதற்குச் செலவு கூடும், ஒரு குடும்பம் ஏற்றுக்கொண்டது. சோற்றில் சமரசம்: முதல் சுற்றில் ஏழு கறியும் கூடுதலாக ஒரு சுண்டலும், பிறகு சிறிய கரண்டியில் சோறு, கேட்டால் மறுபடி உண்டு. இரண்டு பேர் வெளிநடப்பு. பாயசத்தைத் தொட வேண்டாம் என்று நானே வாக்களித்தேன், திட்டுகிறவர்கள் திட்டலாம். மருந்து சாப்பிடுகிறவர்கள் விரதத்துக்கு முன் டிஸ்பென்சரியில் கேட்கவும் என்று நோட்டீஸ் பலகையில் கிரியோலிலும் தமிழிலும் வரும், வாசகம் வார்டு அக்கா எழுதித் தர வேண்டும்.

சந்தேகப்பிராணி

மீதமாகும் சோற்றை நிறுத்துப் பாருங்கள், போன வருஷத்து அரிசி மூட்டைக் கணக்கோடு ஒப்பிடலாம்.

ஆய்வகத்துக்காரி

பாருங்கள், ஆனால் அதை ஆய்வு என்று மட்டும் சொல்லாதீர்கள். கூட்டம் கூடினாலும் குறைந்தாலும் கணக்கு மாறிவிடும்.

வார்டு_அக்கா

வாசகம் இன்று ராத்திரி அனுப்புகிறேன். கிரியோல் பக்கத்தை வேறு யாராவது ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வாக்குவா_கடைக்காரர்

மணி, சுண்டலுக்குக் கடலையா, பயறா? துவரம்பருப்பு எத்தனை கிலோ கூடுதலா வேணும்? கோயிலுக்கு வாங்கின விலைக்கே தர்றேன், ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும், அப்பதான் ஆர்டர்ல சேர்க்க முடியும்.